டீச்சரைக் கேளுங்க: அமெரிக்கப் பாட்டிகளோட ராட்டையும் நம்ம வீட்டுத் தாமிரப் பட்டயமும்

கேள்வி: வணக்கம் டீச்சர். என் பொண்ணு கல்யாணமாகி அமெரிக்கால இருக்கா. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தங்க ஒரு நாள் அவளை ஒரு பழைய கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அங்க பத்துப் பன்னெண்டு வயசான பொம்பளைங்க ஒண்ணா சேந்து ஒரு கல்லறையைக் கழுவி, சின்னதா ஒரு உலோகச் சின்னம் நட்டு, கொடி வெச்சுக் கும்பிட்டாங்களாம். அந்த ஆள் அவங்க சுதந்திரப் போர்ல பிரிட்டிஷ்காரனை எதுத்து நின்னவராம். எங்க மாமனாரும் 1942ல கோயமுத்தூர் ஜெயில்ல இருந்தவரு, அவருக்குக் குடுத்த தாமிரப் பட்டயம் எங்ககிட்ட தான் இருக்கு, மாமியார் இருந்த வரைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேச்சு சாமி படத்துக்குப் பக்கத்துல வெப்பாங்க, இப்ப எழுத்தே மங்கிப் போச்சு. அந்த அமெரிக்கச் சங்கம் எப்படி ஆரம்பிச்சதுன்னு சொல்லுங்க, நம்ம மலைலயும் அப்படி ஒரு கிளை ஆரம்பிக்க முடியுமா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: முதல்ல அந்தப் பட்டயத்துல இனிமே புளி படாம பாத்துக்கோங்கம்மா, மத்ததெல்லாம் அப்புறம். புளியோ எலுமிச்சையோ செம்பைப் பளபளன்னு ஆக்குறதே மேல இருக்கற படலத்தை அரிச்சு எடுத்துத் தான், குடம் அண்டான்னா கவலை இல்ல, செதுக்கின எழுத்து இருக்கற தகடுன்னா வருஷா வருஷம் அந்த எழுத்தோட விளிம்பும் சேந்து போயிட்டே இருக்கும். உங்க மாமியார் பக்தியா பண்ணினது, அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, பட்டயத்தை மேஜைல படுக்க வெச்சு, டார்ச்சைப் பக்கவாட்டுல தாழ்வா புடிச்சுப் பாருங்க, பகல்ல தெரியாத எழுத்து நிழல் விழுந்து தெரியும். அப்படித் தெரியறப்பவே பையனை விட்டு நாலு பக்கத்துல இருந்தும் போட்டோ எடுக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, மெல்லிசு வெள்ளைப் பேப்பரை மேல போட்டு பென்சில் முனையைச் சாய்ச்சு லேசா உரசினாலும் எழுத்து பேப்பர்ல ஏறும், சின்ன வயசுல நாலணா காசை வெச்சு நோட்டுல உரசுவோமே அதே தான். அப்புறம் உலர்ந்த பழைய பருத்தித் துணில சுத்தி வெச்சுடுங்க, பிளாஸ்டிக் கவர் வேண்டாம், நம்ம ஊர் ஈரத்துக்கு உள்ளயே வேர்த்துப் பச்சை பூக்கும்.

அது 1972 ஆகஸ்ட் 15, சுதந்திரத்தோட 25ஆவது வருஷத்துக்கு நாட்டோட சார்பா பிரதமர் இந்திரா காந்தி குடுத்ததுன்னு இந்தில எழுதியிருக்கும். நான் பாத்த வீடுகள்ல பாதிப் பேருக்கு அதுல என்ன எழுதியிருக்குன்னே தெரியாது, அரசாங்கம் தாத்தாவுக்குக் குடுத்ததுன்னு மட்டும் தெரியும்.

இப்ப உங்க பொண்ணு பாத்த சங்கத்துக்கு வரேன். அது பேரு டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன், சுருக்கமா டி.ஏ.ஆர்.னு சொல்றாங்க, அமெரிக்கப் புரட்சியோட மகள்கள்னு அர்த்தம். அது ஆரம்பிச்ச கதையை நான் பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன், ஏன்னா அது ஒரு கோவத்துல இருந்து ஆரம்பிச்சது, நியாயமான கோவம்.

1889ல வாஷிங்டன் ஜனாதிபதியா பதவி ஏத்த நூறாவது வருஷக் கொண்டாட்டம். அந்த வருஷம் ஆம்பளைங்க சேந்து புரட்சியோட மகன்கள்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷமே பொம்பளைங்களைச் சேக்கறதா வேண்டாமான்னு பேச்சு வந்து, வேண்டாம்னு ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிட்டாங்க. அதைப் படிச்சுட்டு மேரி லாக்வுட்னு ஒரு அம்மா 1890 ஜூலை 13ல வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினாங்க. கடிதத்துல வசவு இல்ல, ஒரு பொம்பளையோட கதை தான் இருந்துச்சு. ஹன்னா ஆர்னெட்டுன்னு பேரு, நியூ ஜெர்சில எலிசபெத்டவுன்னு ஒரு ஊர். 1776 கடைசில சண்டை ரொம்ப மோசமா போயிட்டிருந்த நேரம், சரணடைஞ்சா மன்னிப்புன்னு பிரிட்டிஷ்காரன் அறிவிச்சிருந்தான். அந்த அம்மா வீட்டுக் கூடத்துல ஊர்ப் பெரிய மனுசங்க உக்காந்து, சரி வாங்கிக்கலாம்னு பேசி முடிவுக்கு வந்துட்டாங்க, உள்ள இருந்து கேட்டுட்டிருந்த ஹன்னா நேரா கூடத்துக்கு வந்து எல்லாரையும் கோழைங்கன்னு சொல்லி, புருஷனைப் பாத்து நீங்க அந்த மன்னிப்பை வாங்கினா நான் உங்க பொண்டாட்டி இல்லன்னு சொன்னாங்களாம், ஆம்பளைங்க முடிவை மாத்திக்கிட்டாங்கன்னு கதை. லாக்வுட் கேட்டது ஒரே ஒரு கேள்வி தான், இந்த மாதிரிப் பொம்பளைங்களுக்கு உங்க சங்கத்துல எங்க இடம்?

அந்தக் கடிதத்துக்குப் பிறகு மூணே மாசம். 1890 அக்டோபர் 11ல வாஷிங்டன்ல டி.ஏ.ஆர். ஆரம்பிச்சாச்சு. ஆரம்பிச்சவங்கன்னு நாலு பேரைச் சொல்வாங்க: லாக்வுட், எலன் வால்வொர்த், மேரி டெஷா, யூஜினியா வாஷிங்டன். இவங்க பணக்கார வீட்டுல சும்மா உக்காந்திருந்தவங்க இல்லங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். சொந்த உழைப்புல சாப்பிட்டவங்க, அரசாங்க ஆபீஸ்ல குமாஸ்தா வேலை பாத்தவங்களும் இருந்தாங்க, லாக்வுட் தங்கும் விடுதி நடத்தினவங்க. சாயந்திரம் வேலை முடிஞ்சு வந்து உக்காந்து கடிதம் எழுதி எழுதியே சங்கத்தைக் கட்டினாங்க. அப்ப ஜனாதிபதியா இருந்த ஹாரிசனோட மனைவி கரோலின் முதல் தலைவியா வந்ததும் ஊரே திரும்பிப் பாத்துச்சு. அடுத்த வருஷம் 1891ல சிகாகோல முதல் கிளை, அப்புறம் ஊர் ஊரா பரவுச்சு.

உங்களுக்கு முக்கியமா சொல்ல வேண்டியது அவங்க சின்னம். அந்தச் சின்னம் ஒரு நூல் நூக்கற ராட்டை! 13 ஆரக்கால், சுத்தி 13 நட்சத்திரம், ஆரம்பத்துல சேந்த 13 மாநிலத்துக்காக. காந்தி ராட்டையைக் கைல எடுக்கறதுக்கு ரொம்ப முன்னாடி, 1891லயே வந்துடுச்சு. ஏன் ராட்டைன்னா, புரட்சிக்கு முன்னாடி பிரிட்டிஷ் துணியை வாங்க மாட்டோம்னு அந்த ஊர்ப் பொம்பளைங்க கூட்டமா உக்காந்து நூல் நூத்தாங்க, வீட்டுத் துணி தான் உடுத்துவோம்னு வைராக்கியமா இருந்தாங்க. நம்ம கதர் கதை தானே இது, கடலுக்கு அந்தப் பக்கம் நூத்தம்பது வருஷம் முன்னாடி நடந்திருக்கு. உங்க பொண்ணுகிட்ட அடுத்த தடவை அந்தப் பாட்டியோட பேட்ஜைக் கிட்டத்துல பாக்கச் சொல்லுங்க.

கிளை எப்படி ஆரம்பிக்கறாங்கன்னா, ஒரு ஊர்ல ஒருத்தங்க பொறுப்பு எடுத்துக்கறாங்க, அமைப்பு ரீஜன்ட்னு அவங்களுக்குப் பேரு, குறைஞ்சது 12 பேர் சேக்கணும், கிளைக்கு ஒரு பேர் வெச்சு தலைமைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கணும். இதெல்லாம் சுலபம். கஷ்டம் எதுன்னா ஒவ்வொருத்தங்களும் தன் வம்சத்தை நிரூபிக்கணும், நான் இன்னாரோட பொண்ணு, அவங்க இன்னாரோட பொண்ணுன்னு ஏழெட்டுத் தலைமுறைக்குப் பிறப்பு, கல்யாணம், இறப்புக்குக் காயிதம் காட்டிட்டே பின்னாடி போய், கடைசில இருக்கற அந்த மூதாதை புரட்சிக்கு என்ன செஞ்சாருன்னும் காட்டணும். துப்பாக்கி தூக்கினவரா தான் இருக்கணும்னு இல்ல, படைக்குத் தானியம் குடுத்தவங்க, பணம் குடுத்தவங்க, பிரிட்டிஷ் ராஜா வேண்டாம்னு புது அரசுக்கு விசுவாச உறுதி எழுதிக் குடுத்தவங்க, எல்லாரையும் சேத்துக்கறாங்க.

நம்ம ஊர்ல தியாகின்னா உடனே ஜெயில் தான் ஞாபகம் வருது. 1972ல ஆரம்பிச்ச மத்திய அரசு பென்ஷன்ல குறைஞ்சது ஆறு மாசம் ஜெயில், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. ஆளுங்களுக்கும் மூணு மாசம்னு விதி, தலைமறைவா இருந்தவங்க, சொத்தை இழந்தவங்கன்னு வேற சில வகையும் உண்டு, ஆனா எதுக்கும் ரெக்கார்டு வேணும். பென்ஷனுக்கு அப்படி ஒரு அளவுகோல் தேவை தான், பணம் சம்பந்தப்பட்டது. ஆனா ஞாபகத்துக்கும் அதே அளவுகோல் வெச்சா பாதிப் பேரு காணாம போயிடுவாங்க. 1934 ஜனவரி கடைசில காந்தி நம்ம மலைக்கு வந்தாரு, தீண்டாமைக்கு எதிரா நாடு பூரா சுத்தின அந்தப் பயணத்துல, குன்னூர்ல சில நாள் தங்கி ஊட்டிக்கும் உங்க கோத்தகிரிக்கும் போனாரு. அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி தான் மலபார்ல வடகரைல கௌமுதின்னு ஒரு சின்னப் பொண்ணு மேடைலயே வளையல், சங்கிலி, கம்மல்னு ஒண்ணொண்ணா கழட்டிக் காந்தி கைல குடுத்துச்சு, அந்தப் பொண்ணைப் பத்தி காந்தியே எழுதினதால நமக்குப் பேரு தெரியுது. நம்ம மலைல அந்த நாள்ல கூட்டத்துக்கு நடந்து போனவங்க, சோறு ஆக்கிப் போட்டவங்க, போலீஸ் தேடின பையனைக் கொட்டாய்ல ஒளிச்சு வெச்சவங்க, இவங்க பேரெல்லாம் யார் எழுதி வெச்சா? உங்க மாமனார் ஜெயிலுக்குப் போனப்ப வீட்டைப் பாத்துக்கிட்டது யாரு, உங்க மாமியார் தானே. புளி போட்டுத் தேச்ச அந்தக் கை தானே அத்தனை மாசமும் பிள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்துச்சு. அவங்க பேரு அந்தத் தகட்டுல இல்ல.

அதனால உங்க கேள்விக்கு என் பதில், முடியும், ஆனா கட்டடம், பேனர், தலைவர் பதவின்னு ஆரம்பிக்காதீங்க, ஒரு நோட்டு வாங்கி ஆரம்பிங்க. உங்க மாமனார் பேரு, அதுக்குக் கீழ மாமியார் பேரு. அவங்க எந்த ஹட்டி (படுகர் ஊர்), என்ன வேலை பாத்தாங்க, எந்த வருஷம், யார் சொல்லக் கேட்டது, அதையும் எழுதணும், சொன்னவங்க பேரும் தேதியும் இல்லாத தகவல் பத்து வருஷத்துல வதந்தி ஆயிடும். பேரகணிக்கு ஹெத்தை ஹப்பாங்கற படுகர் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போறோம், ஹெத்தைன்னா பாட்டின்னு தானே அர்த்தம், பாட்டியைச் சாமியா கும்பிடற மலை இது, இங்க பாட்டிங்க பேரை எழுதி வெக்கறது யாருக்கும் புதுசா தோணாது.

கேள்வி: டீச்சர், அந்த அமெரிக்கச் சங்கம் ஒரு கறுப்பினப் பாடகியைப் பாட விடாம துரத்தின சங்கம்னு படிச்சிருக்கேன். அவங்களைப் பாத்து நாம கத்துக்கணுமா? (வாசகர், குன்னூர்)

பதில்: நீங்க படிச்சது உண்மை தம்பி, அதை மறைச்சுட்டு மேல இருக்கற கதையைச் சொன்னா அது தப்பு, அதனால தான் ரெண்டு கடிதத்தையும் ஒரே மாசத்துல எடுத்துக்கிட்டேன். 1939ல மரியன் ஆண்டர்சன்னு உலகமே கொண்டாடின பாடகி, வாஷிங்டன்ல பாடறதுக்கு டி.ஏ.ஆர். கட்டின கான்ஸ்டிட்யூஷன் ஹாலைக் கேட்டாங்க, வெள்ளைக்காரக் கலைஞர்களுக்கு மட்டும்னு வெச்சிருந்த விதியைக் காட்டிக் குடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டோட மனைவி எலினார் அந்தச் சங்கத்துல உறுப்பினர், அவங்க ராஜினாமா பண்ணிட்டு வெளில வந்தாங்க. ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு, ஆபிரகாம் லிங்கன் நினைவு மண்டபப் படிக்கட்டுல நின்னு ஆண்டர்சன் பாட, கேக்க வந்தது 75,000 பேர். எந்த ஹாலுக்குள்ளயும் அடங்காத கூட்டம்.

என்னை ரொம்ப உறுத்தறது என்னன்னா, பொம்பளைங்கன்னு சொல்லி வெளில நிறுத்தினாங்கன்னு கோவப்பட்டு ஆரம்பிச்ச சங்கம் இது, அம்பது வருஷம் ஆகறதுக்குள்ள அதே சங்கம் இன்னொருத்தங்களைத் தோல் நிறத்துக்காக வெளில நிறுத்துச்சு. கறுப்பின உறுப்பினர் ஒருத்தரைச் சேக்க 1977 ஆச்சு. அப்புறம் தான் திருந்தி, புரட்சில சண்டை போட்ட கறுப்பின ஆளுங்க, அந்த மண்ணோட பழங்குடி ஆளுங்கன்னு 6,000 பேருக்கு மேல ரெக்கார்டுல தேடிப் பேரு பேரா எடுத்து 2008ல தொகுத்துப் போட்டாங்க. நல்ல வேலை, ஆனா எவ்வளவு லேட்.

நாம கத்துக்க வேண்டியது ரெண்டுமே. ராட்டையையும் கத்துக்கணும், அந்தக் கதவை எப்படிச் சாத்தினாங்கன்னும் தெரிஞ்சு வெச்சுக்கணும். நம்ம மலைல தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் இருக்காங்க, படுகர் இருக்காங்க, சமவெளில இருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவங்க, மைசூர்ப் பக்கம், மலபார்ப் பக்கம் இருந்து வந்தவங்க, 1964 சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கைல இருந்து வந்து டேன்டீங்கற அரசுத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க இருக்காங்க. நீங்க ஆரம்பிக்கற நோட்டுல முதல் பத்துப் பேரும் ஒரே தெரு, ஒரே சாதின்னா அங்கயே நிறுத்திட்டு அடுத்த தெருவுக்கு நடந்து போங்க. காந்தி 1934ல இங்க வந்து கேட்டதே கோயிலையும் கிணத்தையும் எல்லாருக்கும் திறந்து விடுங்கன்னு தான், அவர் பேரைச் சொல்லி ஒரு சங்கம் ஆரம்பிச்சு அதுல ஆள் பாத்துச் சேத்தா அந்த மனுசன் வந்ததுக்கே அர்த்தம் இல்லாம போயிடும்.

கேள்வி: நாங்க ஒரு எட்டுப் பேர் தயார். பதிவு பண்ணணுமா? எங்க போகணும்? எங்க அப்பா மதராஸ் ரெஜிமென்ட், ராணுவக் குடும்பங்களையும் சேக்கலாமா? (வாசகர், வெலிங்டன்)

பதில்: அங்க 12 பேர்னா நம்ம சட்டத்துல 7 பேர் போதும், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975. மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல விதிமுறையும் உறுப்பினர் பட்டியலும் குடுத்துப் பதிவு பண்ணணும், வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி வரவு செலவு கணக்கு குடுக்கணும். பணம் வசூல் பண்ணப் போறீங்கன்னா பதிவு பண்ணாம தொடவே தொடாதீங்க. ஆனா என் பேச்சைக் கேட்டா முதல் ஒரு வருஷம் பதிவு, வசூல் எதுவும் வேண்டாம், மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு வீடு, ஒரு பெரியவர், ஒரு நோட்டு, அவ்வளவு தான். அந்த ஒரு வருஷத்துல யாரு உண்மையா உழைப்பாங்க, யாரு மாலை போட்டு போட்டோ எடுக்க மட்டும் வருவாங்கன்னு தானா தெரிஞ்சுடும்.

ராணுவக் குடும்பங்களைத் தாராளமா சேருங்க, ஆனா தனிப் பட்டியலா எழுதுங்க. மதராஸ் ரெஜிமென்ட் 1758ல கம்பெனிக்காரன் காலத்துல ஆரம்பிச்சது, அதோட சென்டர் வெலிங்டனுக்கு வந்தது சுதந்திரத்தை ஒட்டி. வெள்ளைக்காரனுக்காக ரெண்டு உலகப் போர்லயும் போனவங்க இருக்காங்க, சுதந்திரத்துக்கு அப்புறம் நாட்டுக்காக எல்லைல உயிரை விட்டவங்க இருக்காங்க, ரெண்டையும் சுதந்திரப் போராட்டத்தோட ஒண்ணா போட்டுக் கலக்கினா மூணுக்குமே நியாயம் பண்ணாத மாதிரி ஆயிடும். ஃபீல்ட் மார்ஷல் மானெக்ஷா குன்னூர்ல வாழ்ந்து 2008ல வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரில தான் கண்ணை மூடினாரு, ஊட்டில பார்சி கல்லறைல அவரு சமாதி இருக்கு, அவரைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, உங்க அப்பாவைப் பத்தி எழுத நீங்க ஒருத்தர் தான்.

இன்டாக் இருக்கே, அது போதாதான்னு இன்னொருத்தர் கேட்டிருக்காரு. 1984ல டில்லில ஆரம்பிச்ச அமைப்பு அது, பழைய கட்டடம், கலை, நீர்நிலைன்னு மாவட்டக் கிளைகள் வழியா நல்ல வேலை பாக்கறாங்க. கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்குல சல்லிவன் பங்களா இடிஞ்சு கிடந்ததைச் செப்பனிட்டு இப்ப மியூசியமா வெச்சிருக்கறதைப் போய்ப் பாருங்க, ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் 1819ல கட்டின வீட்டை நாம காப்பாத்தியிருக்கோம், எனக்கு அதுல சந்தோஷம் தான். வெள்ளைக்காரனை எதுத்து நின்னவங்களுக்கு வீடும் இல்ல, கல்லும் இல்ல, பேரு மட்டும் தான் இருக்கு, அதுக்கு வேற மாதிரி வேலை தேவைப்படுது.

கேள்வி: எங்க பக்கம் பழனி மலை டீச்சர். விருப்பாச்சி கோபால நாயக்கர் காலத்துல எங்க முன்னோர் அவர் கூட இருந்தாங்கன்னு வீட்டுல சொல்வாங்க. 200 வருஷத்துக்கு முன்னாடி நடந்ததை நிரூபிக்க முடியுமா? (வாசகர், தாண்டிக்குடி)

பதில்: விருப்பாச்சின்னா ஊர்ல எல்லாருக்கும் மலை வாழைப்பழம் தான் ஞாபகம் வரும், சிறுமலைப் பழம் மாதிரி அதுக்கும் புவிசார் குறியீடு இருக்கு. ஆனா அந்தப் பாளையத்துல இருந்து தான் கோபால நாயக்கர் திண்டுக்கல் பக்கத்துப் பாளையக்காரங்களை ஒண்ணு சேத்துக் கம்பெனிக்காரனை எதுத்தாரு. 1772ல காளையார்கோயில்ல புருஷனைப் பறி குடுத்துட்டு வந்த வேலு நாச்சியாருக்கு வருஷக் கணக்கா அடைக்கலம் குடுத்த மண்ணும் அதே விருப்பாச்சி தான். 1801ல அவரைத் தூக்குல போட்டாங்க.

அமெரிக்காக்காரங்க நிரூபிக்கறதும் அதே அளவு காலம் தான், 1775ல இருந்து 1783 வரைக்கும் நடந்த போர். அவங்களுக்குச் சர்ச் ரிஜிஸ்டர் இருக்கு, நமக்கு என்ன இருக்குன்னு மலைச்சுப் போகாதீங்க. குலதெய்வக் கோயில் பங்காளிங்க வரிப் பட்டியல் இருக்கும், பழைய நோட்டுன்னா பூசாரி வீட்டுப் பரண்ல கேளுங்க. கோயில் கல்வெட்டு, செப்பேடு, பட்டா, கிரயப் பத்திரம் இருக்கும். எல்லாத்துக்கும் மேல மொய் நோட்டு. தாத்தா கல்யாண மொய் நோட்டு ஒண்ணு கிடைச்சாலும் யாரு மாமன், யாரு மச்சான், யாரு எந்த ஊர்ல இருந்து வந்து ரெண்டு ரூபா எழுதினாங்கன்னு ஒரு வம்சமே அதுல இருக்கு. ஒரு தடவை ஒரு வீட்டுல 1950கள் மொய் நோட்டைப் பாத்தேன், ஊதா மை, பேருக்குப் பக்கத்துலயே ஊர் பேரும் உறவும், ஒரு பேருக்கு எதிர்ல "தேங்காய் 11" அவ்வளவு தான், காசு இல்லாதவங்க தேங்காய் வெச்சிருக்காங்க. ஆனா ஒரு நோட்டு அம்பது வருஷம் பின்னாடி கூட்டிட்டுப் போகும், 1801 வரைக்கும் கூட்டிட்டுப் போகாது. அதுக்கு அந்தாண்ட கிடைக்கறதை "வீட்டுல சொல்லக் கேட்டது"ன்னே எழுதுங்க, கோபால நாயக்கர் கூட இருந்தாங்கன்னு அடிச்சு எழுதாதீங்க. சொல்லக் கேட்டதுக்கும் ஒரு மரியாதை இருக்கு, அதை ஆதாரம்னு சொல்லாத வரைக்கும்.

கேள்வி: எங்க பாட்டி மலேயாலே ரப்பர் எஸ்டேட்ல இருந்து நேதாஜியோட ஜான்சி ராணி படைக்குப் போனவங்க. சண்டை முடிஞ்சு ஊருக்கு வந்து, தாத்தாவைக் கட்டி, இங்க தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்து செத்துப் போனாங்க. ஒரு காயிதம் கிடையாது. ஒரே ஒரு போட்டோ, அதுவும் ஃபிரேம்ல கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. அவங்களையும் இந்த மாதிரி சங்கம் சேக்குமா? (வாசகர், கூடலூர்)

பதில்: இந்தக் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன் தம்பி. அந்தப் படை 1943ல சிங்கப்பூர்ல ஆரம்பிச்சது, கேப்டன் லட்சுமி தலைமைல, சேந்தவங்கள்ல ரொம்பப் பேரு உங்க பாட்டி மாதிரி மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பொண்ணுங்க, பால் வெட்டின கைல துப்பாக்கி புடிக்கப் பழகினவங்க. இந்தியாவையே ஒரு தடவை கூடப் பாக்காதவங்க அதுல நிறையப் பேரு, பாக்காத ஒரு நாட்டுக்காகப் பர்மா வரைக்கும் போனாங்க. ஐ.என்.ஏ., அதாவது நேதாஜியோட இந்திய தேசிய ராணுவ ஆளுங்களுக்கும் தியாகி பென்ஷன் உண்டுன்னு விதி இருந்துச்சு, ஆனா தோட்டத்துல கொழுந்து பறிச்சுட்டிருந்த ஒரு அம்மாவுக்கு அதை யாரு வந்து சொல்லியிருப்பா, விண்ணப்பம் எழுதிக் குடுத்தாலும் கூட ஜெயில்ல இருந்தவங்க சாட்சி வேணும்னா மலேயாலே இருக்கற தோழிகளை எங்க போய்த் தேடியிருப்பாங்க.

சேக்காத சங்கம்னா அப்படி ஒரு சங்கமே நமக்கு வேண்டாம். டில்லி தேசிய ஆவணக் காப்பகத்துல ஐ.என்.ஏ. சம்பந்தமான ஃபைல்கள் இருக்கு, தேடலாம், ஆனா தேடறதுக்கு முதல்ல பாட்டியோட பேரு அந்தக் காலத்துல எப்படி எழுதியிருப்பாங்கன்னு தெரியணும், அப்பா பேரு, எஸ்டேட் பேரு, எந்த ரயிலடிக்குப் பக்கம், எந்த கேம்ப். இதெல்லாம் உங்க அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தான் ஞாபகம் இருக்கும். ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சுக் கேளுங்க, ஒருத்தங்க தப்பா சொன்னா இன்னொருத்தங்க திருத்துவாங்க. பாட்டி பாடின பாட்டு, தூக்கத்துல போட்ட கட்டளை, ஜப்பான் வார்த்தை ஏதாவது, எல்லாத்தையும் போன்ல ரெக்கார்ட் பண்ணிக்குங்க.

போட்டோவைக் கண்ணாடில இருந்து பிரிக்கவே பிரிக்காதீங்க. எங்க சித்தப்பாவோட ஜெயில் சர்டிபிகேட் இப்படித்தான் மழைக்காலத்துல கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, ஃபிரேம் கடைக்காரர் ஒருத்தர் நல்ல எண்ணத்துல தண்ணி தொட்டு இழுத்து எடுத்துட்டாரு, பேப்பர் கைல வந்துச்சு, ஜெயில் சூப்பரின்டென்டன்ட் கையெழுத்து கண்ணாடிலயே நின்னுபோச்சு. அந்தக் கண்ணாடியை இன்னும் நான் வெச்சிருக்கேன், வெளிச்சத்துல புடிச்சா தலைகீழா தெரியும். அதனால பின்பக்க அட்டையை மட்டும் மெதுவா கழட்டி, ஈரம் காய, வெயில் நேரா படாத ஜன்னலோரம் வெய்யுங்க, டிசம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள பனி விலகின பகல்ல பண்ணினா நல்லது. மேகமூட்டமான ஒரு நாள் வாசல்ல வெச்சு, கண்ணாடில உங்க முகம் விழாம பக்கத்துல ஒரு கறுப்புத் துணியைப் புடிச்சுக்கிட்டு, கண்ணாடி மேலயே போட்டோ எடுங்க. லேமினேஷன் கடைக்குப் போகாதீங்க. எடுத்த படத்துல ஒண்ணு உங்க போன்ல, ஒண்ணு தங்கச்சி போன்ல, ஒண்ணு பிரிண்ட் போட்டுப் பின்னாடி பாட்டி பேரு, ஊரு, வருஷம் பென்சில்ல எழுதி, பேனா வேண்டாம், மை ஊறி முன்னாடி வந்துடும்.